அடுத்த வருஷமும் வருவோம்!

மீன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வாசகர்களில் ஒரு சாரார் நாக்கில் நீர் ஊற நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றொரு சாரார் மூக்கைச் சுளித்துக் கொண்டு பக்கத்தைப் புரட்டி விடலாமா என்று யோசிப்பார்கள். இரு சாராரையும் சற்றுப் பொறுத்திருக்கும்படி வேண்டிக் கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் மீன் வருவது உண்மைதான். ஆனால் விஷயம் மீன் அன்று. எட்டுப் பத்துச் சிநேகிதர்கள் ஒன்று கூடி, "அடுத்த வருஷமும் இதே வாரத்தில் இதே இடத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக் கொண்டு, அந்தச் சொல்லை முப்பது நாற்பது வருஷம் காப்பாற்றுவது எப்படி என்பதே விஷயம்.

நம்மில் யாருக்குத்தான் பழைய சிநேகிதர்கள் இல்லை? கலியாண வீட்டிலோ ரயில்வே ஸ்டேஷனிலோ அகஸ்மாத்தாகச் சந்திக்கிறோம். கையைப் பிடித்துக் கொண்டு, "அவசியம் ஒரு நாள் எல்லோரும் சேர வேண்டும், ஐயா!" என்கிறோம். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த 'ஒரு நாள்' எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள். அது வருவதற்குள் பாதிப் பேர் வெளியூர் போய் விடுகிறார்கள். மீதிப் பேரில் சிலர் திரும்பி வர முடியாத ஊருக்கே போய் விடுகிறார்கள். இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரத்தை வெகு தூரத்திலுள்ள ஒரு நாட்டார் கண்டு பிடித்திருக்கிறார்கள். அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

கூட்டமாகச் சேர்ந்து மீன் பிடிப்பது நமக்குப் புதிதன்று. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா நடைபெறுவதுண்டு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், வலையும் ஊத்தாவுமாகக் காத்திருக்கும் ஜனங்கள் சேற்றில் பாய்வார்கள். அன்று பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை; வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைத்து உண்பார்கள். எஞ்சிய நீர் எப்படியும் வற்றப் போகிறது. ஆகையால் அதில் ஒன்றையும் மிச்சம் வைக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் கண்மாய் மறுபடி நிறையும். மீனும் வந்து சேரும். வரவு செலவுக் கணக்கை ஆண்டவனே பார்த்துக் கொள்கிறான்.

வற்றாத ஏரியில் என்ன செய்வது? அங்கே கணக்கை மனிதனே அல்லவா பார்த்துக் கொள்ள வேண்டும்?

ஏரிகளின் நாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கு எல்லையில், கானடாவை ஒட்டி, மின்னஸோட்டா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. "பதினாயிரம் ஏரிகளின் நாடு" என்று அந்த ராஜ்யத்தார் தங்கள் மோட்டார் வண்டிகளின் எண் பலகையில் பொறித்துக் கொள்கிறார்கள். தற்பெருமை பேசுகிறவர்கள் ஒன்றைப் பத்தாகச் சொல்வார்கள். இவர்களோ குறைத்துச் சொல்கிறார்கள்! பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே அங்கே 11,842 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

குளிர் காலத்தில் இந்த ஏரிகள் கல்லாக உறைந்து விடும். அதன் மேல் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்று, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விடுகிறவர்களும் உண்டு. ஏப்ரல் மாதத்தில் தெற்கிலிருந்து வடக்காகப் பனிக்கட்டி உடையத் தொடங்கும். கடைசிப் பனிக்கட்டி மறைந்து, கரையோரத்தில் நீர் சற்றே வெதுவெதுப்பானதும், 'வால்-ஐ' என்னும் மீன் கூழாங்கல் பரப்பைத் தேடி வந்து முட்டையிடும். நம் ஊரில் விராலுக்குள்ள மதிப்பு அங்கே இந்த மீனுக்கு உண்டு. 1965-ஆம் வருஷத்தில் இதைத் தங்கள் ராஜ்யத்தின் மீன் என்று சட்டம் செய்தே அறிவித்து விட்டார்கள். இதன் கண்ணில் பூனைக் கண்ணில் இருப்பது போன்ற ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. மங்கிய ஒளியிலும் இரையைக் காண அது உதவுகிறது. ஆகையால் அந்தி வேளையும் விடியற்காலையுமே இதற்கு உகந்த போஜன காலம்.

முட்டையிடும் மீனைப் பிடிக்கலாகாது என்பதற்காகப் பிப்ரவரி மாதக் கடைசியிலிருந்து மே மாத நடு வரையில் பெரும்பாலான ஏரிகளில் இந்த மீனைப் பிடிப்பதற்குத் தடை உண்டு. தடை நீங்கும் நாள் எது என்பதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடவில்லை. போரில் உயிர் நீத்தவர்களை நினைவு கூர்வதற்காக மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை அந்த நாட்டார் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமையிலிருந்து இரண்டு வாரம் பின்னோக்கி எண்ணினால் எந்தச் சனிக்கிழமை வருகிறதோ, அதுவே தூண்டில் திறப்பு நாள். அதாவது மே மாதம் 9-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் இடையே வரும். இந்தத் திறப்பு விழாவில் ராஜ்யத்தின் கவர்னரே கலந்து கொள்ளும் சம்பிரதாயம் 1948-இல் தொடங்கியது.

இந்தக் கணக்கில் ஒரு சிறு வில்லங்கம். மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் அன்னையர் தினம். பெரும்பாலான வருஷங்களில் தூண்டில் திறப்புக்கு மறுநாளே அது வந்து நிற்கிறது! பெற்ற தாயாரை வணங்குவதா, ஏரிக்குப் போவதா என்ற தர்ம சங்கடம் வருஷா வருஷம் அநேக வீடுகளில் எழுகிறது. புத்திசாலிகள் தாயாரையும் படகில் ஏற்றிக் கொள்கிறார்கள்.

பிரியும்போதே நாள் குறிப்பது

இனி, சிநேகிதர் குழாம் ஒன்று இந்தப் பிரயாணத்துக்கு எவ்வாறு ஏற்பாடு செய்கிறது என்று பார்ப்போம்.

ஏற்பாடு எப்போது தொடங்குகிறது? சென்ற வருஷத்துப் பிரயாணத்தின் கடைசி நாளிலேயே தொடங்கி விடுகிறது. மூட்டை கட்டுவதற்கு முன், ஏரிக்கரை விடுதிக்காரரிடம் சென்று அடுத்த வருஷம் அதே வாரத்துக்கு அதே ஜாகையைப் பதிவு செய்து முன்பணமும் கொடுத்து விடுகிறார்கள். பழைய விருந்தாளிகளுக்கு முதல் உரிமை கொடுப்பது பல விடுதிகளில் வழக்கம். ஆகையால் ஒரே மரக் குடிலில் ஒரே குழாம் தலைமுறை கடந்து தங்குவதும் உண்டு. நம்மவர் "ஒரு நாள் சேர வேண்டும்" என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில், அவர்கள் பணத்தைக் கட்டி ரசீதும் வாங்கிக் கொள்கிறார்கள். வாக்குக்கும் ரசீதுக்கும் உள்ள வித்தியாசம் உலகம் அறிந்ததே.

இந்த விடுதிகளை நம் ஊர் ஹோட்டல்களைப் போல் எண்ணிக் கொள்ளக் கூடாது. ஏரிக்கரையில் பைன் மரங்களுக்கிடையே வரிசையாகச் சிறு மரக் குடில்கள். ஒவ்வொன்றிலும் படுக்கைகள், ஒரு சமையலறை, வாசலில் ஒரு திண்ணை. எதிரே படகுத் துறை. பிடித்த மீனைச் சுத்தம் செய்யத் தனிக் கொட்டகை. சமையல் செய்வதும் பாத்திரம் தேய்ப்பதும் பெரும்பாலும் வந்தவர்கள் பொறுப்பே. விடுதிக்காரக் குடும்பத்தார் பலருக்கு இந்தக் கோடை வருமானமே முழு வருஷத்து ஜீவனம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு அவசியம் வரும்.

குழாத்துக்கு முதலில் வேண்டியது ஒரு காரியதரிசி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது போல், இந்தப் பதவி எல்லோரிலும் சாதுவான மனிதர் தலையில்தான் வந்து விழும். ஜனவரியில், வெளியே பனி கொட்டும்போது, அவர் எல்லோருக்கும் எழுதுகிறார்: யார் வருகிறார்கள்? யாரிடம் படகு இருக்கிறது? யார் எந்த நாள் சமையல்? யாருக்கு எது ஆகாது? இரவில் குறட்டை விடுகிறவர் யார் யார் என்று கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவர்களை ஒரே குடிலில் போட்டு விடுவதுதான் நெடுநாளைய சிநேகத்தைக் காப்பாற்றும் வழி.

பண விஷயத்தை முதலிலேயே பேசி முடித்து விடுவது நலம். குடில் வாடகை, படகுக்கு எண்ணெய், மளிகை, தூண்டில் இரை ஆகிய யாவும் ஒரே பொதுப் பணத்திலிருந்து. சொந்தப் படகைக் கொண்டு வருகிறவரிடம் எண்ணெய்ப் பங்கு வாங்குவதில்லை. கடைசி நேரத்தில் வர முடியாமல் போகிறவர் தமக்குப் பதில் ஓர் ஆளைத் தேடித் தந்தால் முன்பணம் திரும்பும். இப்படி நாலு வரியில் எழுதி வைத்துக் கொண்டால் நாற்பது வருஷத்துச் சண்டை மிச்சம். உத்தியோகம் போய்க் கையில் பணமில்லாத சிநேகிதர் ஒருவர் இருந்தால், அவருடைய பங்கு எப்படியோ பொதுக் கணக்கில் கரைந்து விடும். அதைப் பற்றிக் காரியதரிசி பேசமாட்டார், மற்றவர்களும் கேட்கமாட்டார்கள். வேறொன்றும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தப் பதவிக்குச் சாது மனிதர் வேண்டும்.

அடுத்தது சாமான் ஜாபிதா. ஐந்து பேரும் ஐந்து கரண்டி கொண்டு வந்து, வாணலியை ஒருவரும் கொண்டு வராமற் போவது இந்த மாதிரிப் பிரயாணங்களில் சர்வ சாதாரணம். ஆகையால் ஒவ்வொரு சாமானுக்கு எதிரிலும் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். பதினாறு வயது நிரம்பியவர்கள் சர்க்கார் லைஸென்ஸ் வாங்க வேண்டும். ஆளுக்கொரு மிதவைச் சட்டை அவசியம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் படகு ஓடும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் அதை இருக்கைக்கு அடியில் போட்டு விட்டுச் சாமர்த்தியம் பேசுவதுண்டு. ஆனால் மே மாதத்து வெயிலைக் கண்டு ஏமாறக் கூடாது. சில வாரங்களுக்கு முன் உறைந்திருந்த நீர் அது. அதில் தவறி விழுந்தவனுடைய கையும் காலும் சில நிமிஷங்களில் விறைத்துப் போகும். நீச்சல் தெரிந்திருந்தும் பயன்படாது. திரும்பி வருவதுதான் எந்தப் பிரயாணத்திலும் முதல் ஏற்பாடு.

படகில் யாரோடு யார் போவது என்பதையும் தினந்தோறும் மாற்றி அமைக்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வம்பு பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள். இரண்டு பேர் மூன்று மணி நேரம் நீர் நடுவில் ஒரே திசையைப் பார்த்துக் கொண்டிருந்தால், முதலில் மௌனமாயிருப்பார்கள். பிறகு மனத்திலிருப்பதைப் பேசுவார்கள். மனைவியின் நோய், பிள்ளையின் போக்கு, தமக்கே டாக்டர் சொன்ன செய்தி ஆகியவை எல்லாம் முகத்தைப் பார்க்காமல் தூண்டில் மிதப்பைப் பார்த்துக் கொண்டே சொல்லக் கூடிய விஷயங்கள். அந்தச் சமயத்தில் மீன் கடிக்காமல் இருப்பதே விசேஷம்!

ஏரிக்கும் ஒரு பங்கு

ஆள், பணம், சாமான் மூன்றும் சேர்ந்து விட்டன. ஏற்பாடு முடிந்ததா? இல்லை. அடுத்த வருஷம் வருவதற்கு ஏரியில் மீன் இருக்க வேண்டாமா? இதைத் திட்டத்தில் சேர்த்துக் கொள்ளாத குழாம் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை. இதற்கு அந்த ராஜ்யத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

மின்னஸோட்டாவின் வட பகுதியில் 'ரெட் லேக்', அதாவது செவ்வேரி, என்று மேலும் கீழுமாக இணைந்த இரண்டு ஏரிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நானூறு சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு. கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியில் பெரும் பகுதியும், ஓஜிப்வே என்னும் ஆதிக்குடிகளில் ஒரு பிரிவினரான ரெட் லேக் மக்களுக்குச் சொந்தம். மேல் ஏரியின் கிழக்குப் பாகத்தில் சுமார் 48,000 ஏக்கர் மட்டும் ராஜ்ய சர்க்காரின் ஆதீனத்தில் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் தூண்டில் போடும் இடம் அதுவே.

முதல் உலக யுத்தத்தின்போது, 1917-இல், உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க வேண்டி ராஜ்ய சர்க்கார் இந்த ஏரியில் வியாபார முறையில் வலை வீசத் தொடங்கியது. யுத்தம் முடிந்தது, வலை வீச்சு முடியவில்லை. பிற்காலத்தில் அந்தத் தொழில் ஆதிக்குடி மக்களின் கையிலேயே வந்து அவர்களுடைய ஜீவனோபாயமாயிற்று. ஒரு புறம் வலை. மற்றொரு புறம் தூண்டில். இரு தரப்பாரும் எடுத்தார்கள். எவ்வளவு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று இரு தரப்பாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவில்லை. பல்லாயிர வருஷம் வற்றாத ஏரியில் மீன் மட்டும் வற்றியது. 1990-களின் நடுவில் வால்-ஐ மீன் அநேகமாக இல்லை என்றே ஆகி விட்டது.

வருஷா வருஷம் வந்து கொண்டிருந்த குழாங்கள் வேறு ஏரிகளுக்குப் போயின. குடில்கள் காலியாயின. விடுதிக்காரர்கள் தவித்தார்கள். அந்தச் சமயம் 'க்ராப்பி' என்ற வேறொரு சிறு மீன் பெருகியதால் சிலர் எப்படியோ தாக்குப் பிடித்தார்கள். வலையையே நம்பியிருந்த ஆதிக்குடிக் குடும்பங்களின் கஷ்டமோ இன்னும் பெரிது.

ஆனால் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அவர்களே. 1997-இல் அந்த மக்களின் மீனவர் சங்கத்தார் தாமாகவே வியாபார வலை வீச்சை நிறுத்தினார்கள். 1999-இல் ரெட் லேக் மக்களும், ராஜ்ய சர்க்காரும், மத்திய சர்க்காரின் இலாகாவும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டு, ஏரி முழுவதிலும் வால்-ஐ பிடிப்பதை அடியோடு நிறுத்தி வைத்தார்கள். 1999, 2001, 2003 ஆகிய வருஷங்களில் கோடிக்கணக்கான மீன் குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு வசந்தங்கள்! 2006-ஆம் வருஷம் மே மாதம் ஏரி மறுபடி திறக்கப்பட்டது. அப்போதும் சர்க்கார் பகுதியில் ஒருவர் இரண்டு வால்-ஐ மீனுக்கு மேல் வைத்துக் கொள்ளலாகாது என்று கண்டிப்பான நிபந்தனை. இரு தரப்பாரும் ஆளுக்குரிய பங்கைக் கணக்கிட்டு எடுத்துக் கொள்ளும் ஏற்பாடு அதிலிருந்து ஏற்பட்டது.

தன்னுடைய ஏரியைத் தானே ஆளும் உரிமையை ஒரு சமூகம் கேட்கும்போது, "உங்களுக்கு நிர்வாகம் தெரியுமா?" என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. நமக்கும் அந்தக் கேள்வி பழக்கமானதே. அதற்கு ரெட் லேக் மக்கள் வாயால் பதில் சொல்லவில்லை. தங்கள் வலையைச் சுருட்டி வைத்துப் பதில் சொன்னார்கள்.

ஆகையால் விவேகமுள்ள குழாத்தார் தங்கள் ஜாபிதாவில் ஓர் அளவு கோலையும் சேர்த்துக் கொள்கிறார்கள். ஏரிக்கு ஏரி விதி வேறுபடும். இத்தனை அங்குலத்துக்கு மேற்பட்டதைத் திரும்ப நீரில் விட்டு விட வேண்டும் என்று பல ஏரிகளில் நிபந்தனை உண்டு. "பெரிய மீனைப் பிடித்து விட்டு அதை விட்டு விடுவதா?" என்று புதிதாக வந்தவர் அலறுவார். அந்தப் பெரிய மீன்தான் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் என்று பழைய சிநேகிதர் எடுத்துச் சொல்வார். அன்னையர் தினத்தை ஒட்டிய பிரயாணத்தில் இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறென்ன இருக்க முடியும்?

வீட்டுக்குக் கிளம்பும்போது மற்றொரு கடமை இருக்கிறது. படகிலுள்ள அடைப்பைக் கழற்றி நீரை முழுவதும் வடித்து விட வேண்டும். ஒட்டியிருக்கும் பாசியை அகற்ற வேண்டும். இதுவும் சட்டம். வரிக் குதிரையைப் போல் கோடு போட்ட ஒரு சிறு சிப்பி, அந்நிய நாட்டுக் கப்பல்களின் வழியே அமெரிக்க ஏரிகளில் புகுந்து, படகுக்குப் படகு தொற்றி, ஏரிக்கு ஏரி பரவி வருகிறது. அந்த ராஜ்யத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றான மில் லாக்ஸில் 2005-இல் அதைக் கண்டார்கள். ஒரு முறை புகுந்து விட்டால் பெரிய ஏரியிலிருந்து அதை ஒழிக்க வழியில்லை. ஒரு சேர் தண்ணீரை அலட்சியமாகச் சுமந்து சென்றவன் ஒரு முழு ஏரியைக் கெடுத்து விடக் கூடும்.

காலி இடம்

முப்பது வருஷம் ஆகிறது. பாறையில் தாவி ஏறியவர்கள் படகுத் துறையில் கைப்பிடி தேடுகிறார்கள். ஜாபிதாவில் மருந்து டப்பா முதலிடம் பெறுகிறது. ஒரு வருஷம் ஒரு பெயரை எழுதுவதற்குக் காரியதரிசியின் கை தயங்குகிறது, எழுதிப் பயனில்லை. அந்த இடத்தை என்ன செய்வது?

இங்கேதான் பல குழாங்கள் கலைந்து போகின்றன. நீடித்து நிற்கும் குழாங்களோ, இறந்தவருடைய மகனுக்கோ மகளுக்கோ ஜனவரியில் கடிதம் எழுதுகின்றன. அந்தப் பெண் வந்து, தகப்பனார் உட்கார்ந்த படகில், தகப்பனாருடைய தூண்டிலுடன் உட்காருகிறாள். தகப்பனாரைப் பற்றி வீட்டில் யாரும் சொல்லாத கதைகளை அவருடைய சிநேகிதர்கள் அந்தி வெளிச்சத்தில் அவளுக்குச் சொல்கிறார்கள். அவள் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து, அளந்து பார்த்து, மெல்ல நீரில் விடுகிறாள். அடுத்த வருஷத்து ரசீதில் அவள் பெயரும் ஏறி விடுகிறது.

வாசகர்கள் அனைவரும் தூண்டிலை எடுத்துக் கொண்டு கிளம்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மீன் ஆகாதவர்களுக்குக் குற்றாலம் இருக்கிறது. மார்கழிக் கச்சேரி இருக்கிறது. ஆற்றங்கரையில் கட்டுச் சாதம் இருக்கிறது. எதுவானாலும், அந்தச் சிநேகிதர் குழாங்களிடமிருந்து மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக் கொள்ளலாம். பிரியும் முன்பே அடுத்த நாளைக் குறித்து விடுங்கள். பணக் கணக்கை வெளிச்சத்திலும், பரோபகாரத்தை இருட்டிலும் வைத்துக் கொள்ளுங்கள். போகிற இடத்தில், மறு வருஷம் வருகிறவர்களுக்கு மிச்சம் வையுங்கள். அந்த மறு வருஷத்து விருந்தாளிகள் நாமாகவே இருக்கலாம், நம் குழந்தைகளாகவும் இருக்கலாம்.